அரசுப் பள்ளியா, விடுதிப் பள்ளியா?

கொங்குப் பக்கம் பி.எட்.டோ தொடக்கக் கல்விப் பட்டயமோ முடித்தவர்களுக்கு இரண்டு வழி கண்ணில் படும். ஒன்று ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதி அரசுப் பள்ளி. மற்றொன்று நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துத் தனியார் விடுதிப் பள்ளி.

அரசு வேலைக்கு இழுப்பது சம்பளம், பணி நிரந்தரம், அப்புறம் வரன் பார்க்கும்போது கிடைக்கும் மதிப்பு. இதைச் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை. ஆனால் டெட்டில் தேறினாலே வேலை என்றில்லை. நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு என்று 2018-லேயே அரசாணை வந்துவிட்டது. வயது ஏறிக்கொண்டே போகும்.

விடுதிப் பள்ளியில் வேலை சீக்கிரம் கிடைக்கும். இயற்பியல் மேல் பித்துப் பிடித்தவருக்கு அதுதான் சரியான இடம். நீட் கணக்கை மூன்று விதமாகப் போட்டுக் காட்டலாம், கேட்கப் பிள்ளைகள் இருப்பார்கள். விலை? விடியற்காலை ஸ்டடி, ஞாயிறு டெஸ்ட், திருத்த வேண்டிய பேப்பர் கட்டு. மார்க் குறைந்தால் கேள்வி வாத்தியாருக்குத்தான்.

பட்டயம் படித்தவர்கள் போகும் அரசுத் தொடக்கப் பள்ளி வேறு உலகம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளை இந்தி பேசும். கர்நாடக எல்லையோரத் தாளவாடி மலையில் பல பிள்ளைகளுக்கு வீட்டுமொழி கன்னடம். ஈராசிரியர் பள்ளி என்றால், நாலாம் வகுப்புக்குக் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து 'ட' எழுத வைக்க வேண்டும்.

பாடத்தின் மேல் ஆசை என்றால் விடுதிப் பள்ளி, பிள்ளைகள் மேல் என்றால் அரசுப் பள்ளி என்பேன். சம்பளம் மட்டும்தான் குறி என்றாலும் அரசுதான். காத்திருக்க வீட்டில் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.