தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் உதறிய வண்டி

என் வண்டி 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1.3 லிட்டர், ஐந்து கியர், 165/80 ஆர்14 டயர். டிக்கி எவ்வளவு பெரிது, பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாமா என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், அதை எழுதப் போவதில்லை. போன வாரம் இடதுபக்க ஆக்சிலை, அதாவது முன்சக்கரத்தை ஓட்டும் தண்டைப் பிரித்துச் சரிசெய்தாயிற்று. கோபம் ஆறுவதற்குள் அதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் கணவாயில் ஏற்றம். அங்கே நான்காவது கியரில் 60ஐ ஒட்டிப் போனால் காலடியில் ஓர் உதறல் வரும். ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. தரையும் சீட்டும் மட்டும் இடமும் வலமுமாக நடுங்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த நொடியே நின்றுவிடும். திரும்பி வரும்போது அதே கணவாய் இறக்கம், வண்டி பரம சாது. நான்கு பேர் ஏறினால் உதறல் அதிகம், தனியாகப் போனால் குறைவு.

இதை இப்படியே சொல்லித்தான் ஒவ்வோர் இடத்திலும் வண்டியை விட்டேன். தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு வீல் பேலன்சிங் போட்டார்கள்.

பேலன்சிங் வீண் என்று சொல்ல மாட்டேன். முன்சக்கரம் ஒன்றில் ரிம்மில் ஒட்டியிருந்த பேலன்சிங் வெயிட் விழுந்திருந்தது. 90க்கு மேல் ஸ்டீயரிங்கில் இருந்த லேசான ஆட்டம் அதோடு போனது. அப்புறம் இன்ஜினைத் தாங்கும் ரப்பர், அதாவது இன்ஜின் மவுண்டிங். அதுவும் நிஜமாகவே கிழிந்திருந்தது. மாற்றியதும் ஏசி போட்டு சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி நடுங்குவது நின்றது. இரண்டுமே உண்மையான கோளாறுகள், இரண்டும் சரியாயின. தொப்பூர் உதறல் மட்டும் அசையவில்லை.

பெரிய சர்வீஸ் சென்டரில் லிஃப்ட்டில் தூக்கி, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. எப்படித் தெரியும்? அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்குப் பாரமே கிடையாது. பாரம் ஏறினால்தான் வருகிறது என்பதுதானே நான் சொன்ன புகாரே! ஊருக்குள் டிராஃபிக்கில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "சார், பழைய வண்டி, டீசல் வேற. அப்படித்தான் இருக்கும்" என்றார் அட்வைசர். வேண்டுமானால் நாலு டயரையும் மாற்றிப் பார்க்கலாமாம். அந்த 'பார்க்கலாம்' என் காசில்.

சரி, நாமே பார்ப்போம் என்று போனில் ஃபைஃபாக்ஸ் செயலியை இறக்கினேன். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, இலவசம். போனுக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானியை வைத்து, அதிர்வு நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்று வரைந்து காட்டும். போனை சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, தங்கச்சி பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து நாற்கரச் சாலையில் 80ஐப் பிடித்தேன். நான் ஓட்டினேன், அவன் பார்த்தான்.

கணக்கு எளிது. 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். இந்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் போகும். ஆக, சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுற்றுகிறது. டயரோ ரிம்மோ குற்றவாளி என்றால் வரைபடத்தின் உச்சி பெரும்பாலும் 12ல் நிற்க வேண்டும். நின்றது 35ல். அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று உதறல்.

இதில் ஒரு சிக்கல். ஐந்தாவது கியரில் 80 போகும்போது இன்ஜின் சுமார் 2,000 ஆர்பிஎம், நொடிக்கு 33 சுற்று. 35க்கு ரொம்பப் பக்கம். குற்றவாளி இன்ஜினாகவும் இருக்கலாமே? அதனால் அதே 80ல் நான்காவது கியருக்கு இறக்கினேன். இன்ஜின் வேகம் ஏறியது. 35 இருந்த இடத்திலேயே இருந்தது. இன்ஜின் விடுதலை.

அப்படியானால் சுற்றுக்கு மூன்று முறை உதறுவது எது? முன்சக்கரத்தை ஓட்டும் ஆக்சில் தண்டு கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில், அதாவது உள் ஜாயின்ட்டில், ஒரு கப், அதற்குள் மூன்று உருளைகள். உருளை ஓடும் தடம் தேய்ந்தால், இழுக்கும்போது சுற்றுக்கு மூன்று முறை பக்கவாட்டில் தள்ளும். காலை எடுத்தால் தள்ள வேலையில்லை.

இதை வீட்டருகே ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் பெருமையாக விளக்கினேன். "அந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேணாம் தம்பி, இங்க கிரீஸ் தெறிச்சிருக்கு பாரு" என்று டார்ச் அடித்துக் காட்டினார். இடதுபக்க உள் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையின் (பூட்) கிளிப் தளர்ந்து, சுற்றிலும் வட்டமாகக் கருப்பு கிரீஸ். இவ்வளவு பெரிய சாட்சியம் சர்வீஸ் சென்டர் கண்ணில் ஏன் படவில்லை? ஒவ்வொரு சர்வீஸிலும் அண்டர்பாடி வாஷ் என்று பில் போட்டு, முதல் வேலையாக அதைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

பிரித்தபோது கப்பின் தடத்தில் விரல் வைத்தாலே பள்ளம் தட்டுப்பட்டது. முழு ஆக்சில் தேவைப்படவில்லை. சக்கரத்தோடு சேரும் வெளி ஜாயின்ட் நன்றாக இருந்ததால் உள் ஜாயின்ட், பூட், கிரீஸ், ஆயில் சீல், புது ஹப் நட். தண்டை உருவும்போது கியர் ஆயில் ஒழுகும், அதையும் புதிதாக ஊற்றினோம். செலவு, அவர்கள் சொன்ன டயர் செட்டில் பாதிகூட வரவில்லை.

இப்போது தொப்பூரில் ஏறினால் இன்ஜின் சத்தம் மட்டும்தான். இன்ஜினைக் குறை சொல்ல வாயே வராது. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20க்குக் குறையாமல் கொடுக்கிறது, சேலத்து மே மாத வெயிலில் ஏசி பத்து நிமிடத்தில் குளிரும். ஆர்சிக்கு 2028 வரை கவலையில்லை. இருந்தாலும் பழையதில் இந்த வண்டியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். வண்டிமேல் கோபமில்லை, 'அப்படித்தான் இருக்கும்' என்பதை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை. என்னுடையதையும் விற்கமாட்டேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவி வைக்கிறேன் என்று விற்பவர் சொன்னால், வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.