வீகோவி பேனா: டர்பன் வெயிலில் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

2025-இல் தென்னாப்பிரிக்க மருந்துக்கடைகளுக்கு வந்த வீகோவி, எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசி; சொன்ன வேலையைச் செய்கிற மருந்து. பேனாவும் கைக்கு அடக்கம். ஆனால் நாலு மாதம் குத்தி, மகள் கல்யாணத்துக்குள் இளைத்து, அப்புறம் விட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் இரத்தத்தில் இரண்டொரு நிமிடமே தாங்கும். பேனாவில் உள்ள செமாகுளுடைட் அதன் திருத்திய வடிவம். உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். அது மூளையில் பசியை ஆளும் ஹைப்போதலாமஸில் 'போதும்' என்று சொல்லும் போம்சி நரம்பணுக்களை எழுப்பி, 'இன்னும் போடு' என்று கேட்கும் அக்ஆர்பி நரம்பணுக்களை அடக்குகிறது. வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று ஏசப்பட்டவர்களுக்கு இது ஒரு நல்ல பதில். மூளைத்தண்டில் வாந்தியைக் கிளப்பும் பகுதியும் இதே மருந்துக்கு அசைந்து கொடுப்பதால்தான் குமட்டல் வருகிறது.

அதனால்தான் படிப்படியாக ஏற்ற வேண்டும்: 0.25, 0.5, 1, 1.7 மில்லிகிராம் ஒவ்வொன்றும் நான்கு வாரம், பிறகு 2.4. முதல் மாதம் எடை அசையவில்லை என்று புலம்ப வேண்டாம், 0.25 உடம்பைப் பழக்கத்தான். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் வாந்திதான் மிச்சம். இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால், குவார்ட்டர் மட்டன் பன்னியை (கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பியது) ஒரே மூச்சில் முடித்தால் இரவெல்லாம் புளியேப்பம். தட்டில் மீன், முட்டை, பருப்பை முதலில் முடியுங்கள். சோறும் ரொட்டியும் பிறகு. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

ஒரு பேனாவில் நான்கு ஊசி, அதாவது நான்கு வாரம். புதுப் பேனாவில் முதல் தடவை மட்டும் ஓட்டம் பார்க்கும் குறிக்குத் திருப்பி அழுத்துங்கள். ஊசி முனையில் ஒரு சொட்டு வர வேண்டும். வயிறு, தொடை, மேற்கை, எங்கே குத்தினாலும் பேனாவில் தெரியும் எண் 0 ஆன பிறகும் மெதுவாக ஆறு எண்ணும்வரை எடுக்காதீர்கள். சீக்கிரம் உருவினால் மருந்து தோலில் வழியும். பிறகு 'வேலை செய்யவில்லை' என்பார்கள். நாலாவது ஊசிக்குப் பின்னும் உள்ளே கொஞ்சம் தெரியும். அது ஒரு அளவுக்குப் போதாது, சிரிஞ்சில் உறிஞ்சிச் சேமிக்கும் சிக்கனம் வேண்டாம்.

திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசர் தட்டை ஒட்டாமல் இருக்கட்டும், உறைந்தால் குப்பைதான். தொடங்கிய பேனா 30 டிகிரிக்குக் கீழே ஆறு வாரம் தாங்கும். ஜனவரிக் கோடையில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தக் கணக்கில் வராது. கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில், கதவுப் பக்கம் வைக்காமல் நடுத்தட்டில் வைத்தால் குளிர் நிற்கும்.

மூலிகைக் கடைகளில் பசியடக்கி என்று விற்கும் ஹூடியா மாத்திரை இதற்கு மாற்றல்ல. காலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் பசிக்கு மென்ற செடிதான் அது. தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர் அதற்குக் காப்புரிமை வாங்கியதும் உண்மை. ஆனால் 2011-இல் வெளிவந்த யூனிலீவர் ஆய்வில், அதை எடுத்த பெண்கள் சாப்பிட்ட அளவு குறையவில்லை, இரத்த அழுத்தம்தான் ஏறியது.

நிறுத்தினால் என்ன ஆகும்? வீகோவியின் பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். ஊசியை விட்ட ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கொழுப்பு சுருங்கினால், கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்ல அது சுரக்கும் லெப்டின் ஹார்மோனும் குறையும். பஞ்சம் வந்துவிட்டதென்று ஹைப்போதலாமஸ் பசியைக் கூட்டி, உடல் செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். ஊசி அந்தக் குரலை அமுக்கி வைக்கிறது, அழிப்பதில்லை. நீண்ட நாள் செலவைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் சீட்டு கேட்காத கடையை நம்பாதீர்கள். இங்கே இது நான்காம் அட்டவணை மருந்து. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் வேண்டாம். கர்ப்பம் திட்டமிட்டால் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இதோடு கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் காவடி விரதம் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கும். விரதத்துக்கு முன்பே அவற்றின் அளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.