அரசு மருத்துவமனைக்குப் பின்புறமுள்ள ஆண்கள் காப்பகம்: மழைக்காலச் சளிக்காய்ச்சலின்போது கண்டவை

வடசென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றின் பின்புறச் சந்தில், வீடற்ற ஆண்களுக்காகத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திவரும் காப்பகத்துக்கு, ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் இரண்டு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை சென்று வருகிறேன். தெருவோரம் படுத்திருக்கும் ஒருவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "அத்தனை பேர் படுக்கும் இடத்தில் நோய் ஒட்டாதா?" என்பதுதான். சென்ற ஐப்பசியில் அங்கே இன்ஃபுளுயன்சா எனும் சளிக்காய்ச்சலைப் போன்ற காய்ச்சல் பரவிய மூன்று வாரங்களில் நான் பார்த்தவற்றைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: இரவு உணவு சூடாக வருகிறது, ஆதார் அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, பூட்டுப் போட்ட பெட்டி ஆளுக்கொன்று உண்டு.

ஸ்ரீநகரில் இன்ஃபுளுயன்சா குளிர்காலத்தில் உச்சம் பெறுகிறது என்றால், சென்னையில் அது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருகிறது. நடைபாதையில் படுக்க முடியாமல் ஆட்கள் காப்பகத்தை நோக்கி வருவதும், சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து சன்னல்கள் சாத்தப்படுவதும் அதே வாரங்களில்தான். நகர்ப்புற ஏழைகளுக்கான மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்கிறது; மழைநாள் ஒன்றில் நான் நாடா பிடித்து அளந்தபோது இங்கே 30 சதுர அடிகூட முழுதாகத் தேறவில்லை. இதை மறைத்து நல்ல மதிப்பெண் போட எனக்கு மனமில்லை.

ஆயினும் காய்ச்சல் கட்டுக்குள் நின்றது. அதற்கு முதற்காரணம் காப்பாளர் வைத்திருக்கும் நீள்வாட்டுக் குறிப்பேடு. மாலையில் உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, எத்தனை நாளாக என்று கேட்டு, வெப்பமானி காட்டும் அளவோடு எழுதிக்கொள்கிறார். மூன்று நாளுக்குள் இரண்டு பேருக்குக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் மூன்றாமவருக்காகக் காத்திருக்காமல் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடுவது அவரது வழக்கம். தொற்றிய ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் நோய் வெளிப்படுகிறது; அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே அது பிறருக்குப் பரவவும் தொடங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு பேர் படுத்துவிட்டார்கள் என்றால், இன்னும் சிலருக்கு ஏற்கெனவே ஒட்டியிருக்கும் என்றே கொள்ளவேண்டும். அந்த ஏட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று எழுதப்பட்டவர்களைத் தனியே சளிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். காசநோயைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி விட்டுவிடுவது காப்பகங்களில் எளிதாக நிகழக்கூடிய தவறு. இருமலும் தொண்டைவலியும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் கண்டவர்களுக்கு, டெங்கு பருவம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னோம்.

படுக்கும் முறையை மாற்றியதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் இருக்குமாறு பாய்களை மாற்றி மாற்றி விரித்தால், பாய்களை விலக்கிப் போட இடமில்லாத கூடத்திலும் முகத்துக்கும் முகத்துக்கும் இடையே ஓரளவு தொலைவு கிடைக்கும். ஆனால் பெரியவர் தலைமாட்டில் கால் நீட்டிப் படுப்பதாவது! "என் மூஞ்சிக்கு நேரா ஒருத்தன் காலை நீட்டுவான், நான் படுத்திருக்கணுமா?" என்று எழுபதை நெருங்கிய ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். காப்பாளர் விவாதிக்கவில்லை. சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டு, அந்தப் பெரியவரின் கால்மாட்டில் தம் தலை வருமாறு முதல் பாயைத் தாமே விரித்துப் படுத்தார். அரைமணி நேரத்தில் கூடம் முழுவதும் அப்படியே மாறிவிட்டது. பெரியவரும் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் கண்டவர்களுக்கு அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த சிற்றறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அதன் சன்னல் இரவும் பகலும் திறந்தே இருந்தது. நோயின் கடுமையையும் ஆளின் உடல்நிலையையும் கொண்டு மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த ஏ, பி, சி பிரிவுகளின்படி சுகாதார நிலைய மருத்துவர் ஆட்களைப் பிரித்தார். இலேசான காய்ச்சல்காரர்களுக்கு ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். அவர்களுக்கு ஆய்வகப் பரிசோதனை தேவையில்லை. 65 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு ஓசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் கிடைக்கும் என்பதால், குறிப்பேட்டில் இருந்த தேதி இங்கே பெரிதும் உதவியது. மூச்சு வாங்கிய ஒருவரை அன்றிரவே 108 வண்டியில் ஏற்றிவிட்டோம். நிலவேம்புக் குடிநீரும் நாள்தோறும் கொடுத்தார்கள். நான் தடுக்கவில்லை, ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று மாத்திரையைத் தவிர்க்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

இனி குறைகள். பலகையில் எழுதியுள்ளபடி காப்பகம் காலை 8 மணிக்கு மூடப்படுகிறது. இத்தகைய காப்பகங்கள் 24 மணி நேரமும் இயங்கவேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நோயாளிகளைப் பகலிலும் இருக்கவிட்டதும், மதியம் கஞ்சி கொடுத்ததும் காப்பாளரின் நல்ல மனத்தால் நடந்தவை. விதியால் நடந்தவை அல்ல. அவர் இரண்டு நாள் விடுப்பில் சென்றபோது பொறுப்பில் இருந்தவர், காய்ச்சல் தணியாத இருவரைக் காலையில் வெளியே அனுப்பிவிட்டார். அவர்கள் நேரே கல்யாண மண்டபத்துப் பந்தியில் பரிமாறப் போனார்கள். இதற்கு அவர்களைக் குறை சொல்லலாகாது, "சிஸ்டர், ஒரு நாள் படுத்தா அறுநூறு ரூபா போச்சு, அதை யாரு தருவா?" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

குடிநீர் டிரம்மில் சங்கிலியால் கட்டிய ஒரே எவர்சில்வர் டம்ளரை எல்லோரும் வாய் வைத்துக் குடித்தது, சோப்பு காணாமல் போகிறது என்று கைகழுவுமிடத்தில் சோப்பே வைக்காதது, காலையில் திரட்டிய போர்வைகளைத் துவைக்காமல் மாலையில் வேறு ஆட்களுக்குக் கொடுத்தது ஆகிய மூன்றையும் சுட்டிக்காட்டினேன். சோப்பு உடனே வந்தது. பழைய கொசுவலைத் துண்டில் முடிந்து குழாயில் கட்டிவிட்டார்கள், இன்றுவரை காணாமல் போகவில்லை. தனித்தனி டம்ளர் ஒரு வாரம் கழித்து வந்தது. போர்வை இன்னும் பழைய கதைதான்.

இன்ஃபுளுயன்சா தடுப்பூசி ஒருவருக்கும் போடப்படவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் போடவேண்டியதும், போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிப்பதுமான ஊசி இது என்பதால், மழை தொடங்கிய பிறகு ஓடுவதில் பெரும்பயன் இல்லை. ஆவணிக்குள் காப்பாளர்களுக்கும் சமையல் ஆட்களுக்கும் முதியவர்களுக்குமாவது போட்டுவிடவேண்டும். நன்கொடை தர விரும்புபவர்கள் பழந்துணி மூட்டைகளை விட்டுவிட்டு இதற்கான செலவை ஏற்கலாம். போர்வை வெளுக்கும் கூலியையும் ஏற்கலாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அதில் மூன்று, அந்தக் குறிப்பேட்டுக்கும் அதை எழுதுபவருக்கும். சென்ற வாரம் போனபோது சிற்றறையில் அரிசி மூட்டைகள் மறுபடியும் ஏறியிருந்தன; புரட்டாசி பிறக்குமுன் இறக்கிவிடுவதாகக் காப்பாளர் சொல்லியிருக்கிறார்.