நாத்தனார் முடிச்சும் வீங்கிய கண்ணும்: பாதி விலை ஐஷேடோ வாங்கிய கதை

என் தம்பி கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது முடிச்சு போடும் படம் ஒன்று இருக்கிறது. மணப்பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நிற்கிற நாத்தனார் நான்தான். வலது கண் பாதி மூடியிருக்கும், இமை குழிப்பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். ஆல்பம் புரட்டுகிறவர்கள் எல்லாம் “தம்பி மேல அவ்வளவு பாசமா, இப்படி அழுதிருக்கியே” என்கிறார்கள். அழவெல்லாம் இல்லை. 2,750 ரூபாய் கொடுத்து நானே வாங்கிக்கொண்ட வினை அது.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் சென்னையில் ஒரு மாலுக்குப் போயிருந்தேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த கண் மேக்கப் என்றால் கண்மைப் பென்சில், 350 ரூபாய் ஐஷேடோ (இமையில் பூசும் நிறப்பொடி) பெட்டி ஒன்று, அவ்வளவுதான். பெரிய பிரெஞ்சு பிராண்டின் கவுன்டரில் இருந்த பெண் டெஸ்டரில் விரலை ஒற்றி என் புறங்கையில் ஒரு இழுப்பு இழுத்தாள். பொடி என்றே தோன்றவில்லை, வெண்ணெய் தடவியது மாதிரி இருந்தது. உள்ளங்கை அகலப் பெட்டி, ஐந்து கட்டம், மொத்தம் ஏழு கிராம். விலை 5,900. கிராமுக்கு எண்ணூற்றுச் சொச்சம். வெள்ளியே இதைவிட மலிவாயிற்றே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, “அப்புறம் வர்றேம்மா” என்று நகர்ந்துவிட்டேன்.

அங்கேயே விட்டிருக்க வேண்டும். வாங்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் நஷ்டமில்லை, 5,900 கொடுத்து வாங்கியிருந்தாலும் இவ்வளவு நஷ்டமில்லை. அதே பொருள் பாதி விலைக்குக் கிடைக்குமா என்று தேடினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

தேடிய இரண்டாம் நாளே இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் கண் முன்னால் வந்து நின்றது. துபாய் டூட்டி ஃப்ரீ சரக்காம். பெட்டி மூலையில் லேசாக அடிபட்டிருக்கிறதாம், அதனால்தான் இந்த விலையாம். கீழே முப்பது நாற்பது பேர் “சூப்பர் சிஸ்”, “ரிசீவ்ட் டியர்” என்று எழுதியிருந்தார்கள். நான் ஒன்றும் கேட்காமல் வாங்கவில்லை.

“ஒரிஜினல்தானே?”

“100% சிஸ். பார்கோடு பாருங்க, 3-ல ஆரம்பிக்குது. ஃபிரான்ஸ் கோடு.”

போய்ப் பார்த்தேன். 300 முதல் 379 வரை பிரான்ஸ், 890 இந்தியா என்று உண்மையாகவே இருக்கிறது. திருப்தியாகிவிட்டது. பிற்பாடுதான் உறைத்தது: அந்த எண் எந்த நாட்டு அமைப்பிடம் கம்பெனி பார்கோடு பதிவு வாங்கியது என்பதைத்தான் சொல்லும், பொருள் எங்கே தயாரானது என்பதைச் சொல்லாது. அதுபோக, பெட்டியையே அச்சடிக்கிறவனுக்குப் பார்கோடு அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பேட்ச் நம்பரை (தயாரிப்புத் தொகுதி எண்ணை) வெப்சைட்டில் போட்டுப் பார்ப்பதும் இதே கதைதான். அசல் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு நம்பரை எடுத்து ஆயிரம் போலியில் குத்திவிட்டால் அத்தனையும் “சரியான நம்பர்” என்றுதான் காட்டும்.

யுபிஐ-யில் பணம் போட்டபோது பக்கத்தின் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் பெயர் வந்தது. போட்டுவிட்டேன். ஆறாம் நாள் பார்சல் வந்தது. துபாய் சரக்கு, ஆனால் அனுப்பியவர் பின்கோடு 11-ல் ஆரம்பிக்கிறது. அதாவது டெல்லி.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களில் யார் மேசையிலாவது இப்போது இதன் அண்ணன் தம்பி இருக்கலாம். மூடியை மூடும்போது கவுன்டரில் கேட்ட அந்த ‘டக்’ இல்லை. காந்தம் சோம்பேறித்தனமாக ஒட்டியது. உள்ளே கண்ணாடியில் என் முகம் லேசாக நெளிந்தது. நிறத்தின் பெயர் ஒன்றில் ஓர் எழுத்து விழுந்துபோயிருந்தது. அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு பேட்ச் நம்பர், உள்ளிருந்த டப்பாவின் அடியில் வேறொரு நம்பர். அசலில் இரண்டும் ஒன்றாக இருக்கும். முகர்ந்து பார்த்தால் புது ரெயின்கோட் வாசனை. விரலை வைத்தால் சாக்பீஸ் தூள் மாதிரி மேலெழும்பிப் பறந்தது, ஆனால் விரலில் ஒட்டிய மட்டும் சோப்பு போட்டும் போகவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லை. 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி வெளிநாட்டு மேக்கப் பொருள் எதுவும் பதிவு இல்லாமல் இங்கே விற்பனைக்கு வரக்கூடாது. பெட்டி மேல் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பதிவு எண் இருக்க வேண்டும். எம்ஆர்பி-யும் வேண்டும். மால் கவுன்டரில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், அழகான பெட்டியின் பின்னால் அசிங்கமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த அசிங்கம்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. பாதியையாவது அன்றைக்கே பார்த்தேன். பார்த்துவிட்டு, துபாயில் வாங்கிய பொருளில் இந்திய ஸ்டிக்கர் எப்படி இருக்கும் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி, பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

கல்யாணம் கும்பகோணத்தில். முதல் நாள் மாலை ரிசப்ஷன். மணப்பெண்ணுக்கு வந்திருந்த மேக்கப் ஆர்ட்டிஸ்ட் எனக்கும் சேர்த்துப் போட்டுவிடுவதாகப் பேச்சு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெருமையாக என் பெட்டியை எடுத்து நீட்டினேன். அவள் திறந்தாள், மூடினாள், திருப்பிப் பார்த்தாள், டிஷ்யூவில் ஒரு தேய்ப்பு தேய்த்தாள். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது ஃபர்ஸ்ட் காப்பிகூட இல்ல, அதாவது அசல் மாதிரியே செய்யற நல்ல போலிகூட இல்ல. இதை நான் யார் கண்ணுலயும் வைக்க மாட்டேன்.”

சித்தி, பெரியம்மா, சம்பந்தி வீட்டுப் பெண்கள் என்று அறை நிறைய ஆட்கள். எனக்குச் சுருக்கென்றது. “பரவாயில்லம்மா, நானே போட்டுக்கறேன்” என்று வாங்கிக்கொண்டு போய்ப் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கண்ணிலும் அப்பினேன். 2,750 ரூபாயாயிற்றே.

ஏழரைக்கு லேசான அரிப்பு. ஒன்பது மணிக்குப் பந்தியில் உட்காரும்போது எரிச்சல். பத்து மணிக்குக் கழுவினேன், நிறம் போனது, சிவப்பு போகவில்லை. விடிகாலை நான்கரைக்கு எழுந்தால் வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஆறரைக்கு முகூர்த்தம். மிச்சத்தை ஆல்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு ஆயின்மென்ட் வாங்கி வந்து தடவப் பார்த்தாள். நல்லவேளை, தடுத்துவிட்டேன். மத்தியானம் தோல் டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே அதைத்தான். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நம் இஷ்டத்துக்கு இமையில் தடவினால், தொடர்ந்து போடப் போட கண்ணின் உள் அழுத்தம் ஏறலாமாம். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, முழங்கை தாங்குவதை இமை தாங்காது என்றார். பட்டதால் வந்த ஒவ்வாமைதான், கருவிழிக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் எழுதிக் கொடுத்ததை ஐந்து நாள் போட்டேன், அடங்கியது. எது புதிதாக வாங்கினாலும் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கண்ணுக்குப் போங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று நான் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை, அதனால் ஈயம், பாதரசம் என்று கதை கட்டப்போவதில்லை. ஆனால் 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் கடைத்தெருவில் சோதனை போட்டு, சுமார் 7 லட்சம் டாலர் மதிப்புள்ள போலி மேக்கப் பொருட்களைப் பிடித்தது. பெரிய பிராண்டுகளின் பெயரில் இருந்த அவற்றில் கிருமிகளும் மலக் கழிவும் இருந்ததாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, பணம்? அந்தப் பக்கத்துக்குப் படத்துடன் எழுதினேன். “அன்பாக்சிங் வீடியோ இருக்கா சிஸ்?” இல்லை. “அப்ப ஒண்ணும் பண்ண முடியாது சிஸ். நோ ரிட்டர்ன் பாலிசி பயோலயே போட்டிருக்கோம்.” அடுத்த மெசேஜ் போகவில்லை, பிளாக். தெரிந்துகொள்ளுங்கள்: 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி போலியான, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. அவர் பயோவில் என்ன எழுதினாலும் சட்டம் அதுதான்.

சட்டம் இருந்தும் எனக்குப் பணம் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். பில் இருக்கிறதா? இல்லை. விற்பவர் முகவரி? இல்லை. ஜிஎஸ்டி எண்? அதுவும் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு போன் நம்பர், ஒரு யுபிஐ ஐடி, ஒரு பின்கோடு. முகவரியே இல்லாத ஆளுக்கு யார் எங்கே நோட்டீஸ் அனுப்புவது? பண மோசடிக்கான 1930-க்கு உடனே அழைத்திருந்தால் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம். நான் அழைத்தபோது பணம் போட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கென்று பூட்டி வைத்திருந்தேனே.

இனி, அன்று கவுன்டரில் நின்றபோதே எழுந்த மூலக் கேள்வி. விலை உயர்ந்த கண் மேக்கப் அந்த விலைக்குத் தகுமா?

வீம்புக்காகவே மறுபடி அந்த மாலுக்குப் போய், ஐந்து கட்டம் வேண்டாம் என்று ஒற்றைக் கட்டம் மட்டும் பில் போட்டு வாங்கினேன். செம்பு கலந்த பழுப்பு. வீட்டில் முன்கையில் மூன்று கோடு இழுத்தேன்: இது ஒன்று, பழைய 350 ரூபாய்ப் பெட்டி ஒன்று, போலி ஒன்று. காலை எட்டுக்கு இழுத்து, வேளச்சேரியிலிருந்து ஸ்கூட்டியில் ஆபீஸ் போய்வந்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தேன். அசல் கொஞ்சம் மங்கியிருந்தது, மினுமினுப்பு அப்படியே. 350 ரூபாய் பாதி காணாமல் போயிருந்தது, ஆனால் அடியில் பிரைமர் (நிறம் நிலைத்து நிற்க முதலில் பூசும் களிம்பு) தடவிய பக்கம் அசலுக்கு ஓர் அரை அடி பின்னால்தான் நின்றது. போலி பொடியாக உதிர்ந்துவிட்டது, அடியில் மட்டும் ஊதா நிறக் கறை, அது போக மூன்று நாள் ஆயிற்று.

அந்த ஆர்ட்டிஸ்ட் பெண்ணுக்குப் பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள். அவள் பெட்டியில் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறாள் என்று கேட்டேன். மினுக்கும் நிறங்களுக்குப் பணம் போடுவாளாம், அங்கேதான் அரைத்த பக்குவம் தெரியும். மினுக்காத பழுப்பு, சாம்பல் எல்லாம் மலிவு பிராண்டுதான். மைக்காவும் இரும்பு ஆக்சைடும்தானே அக்கா, எல்லாரும் அதைத்தான் கலக்கறாங்க என்றாள். பிரைமருக்குத் தயங்காமல் கொடுப்பாளாம். மஸ்காராவுக்கு மட்டும் கொடுக்கவே மாட்டாளாம், திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப் போட வேண்டிய பொருளுக்கு மூவாயிரம் எதற்கு? இதில் நானும் அவள் கட்சி. மலிவு பிராண்டான மேபலின், விலை உயர்ந்த லான்கோம் இரண்டும் லோரியால் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். மேபலினை அவர்கள் 1996-இல் வாங்கினார்கள். ஒரு வீட்டு அக்காவும் தங்கையும் ஒரே அச்சு என்று சொல்ல வரவில்லை, ஆனால் விலையில் இருக்கிற அவ்வளவு தூரம் முகத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஆக, எனக்கு ஒரு கட்டம் போதும். வசதி இருக்கிறவர்கள் ஐந்து கட்டமும் வாங்கட்டும், பில்லோடு, ஸ்டிக்கரோடு. 350 ரூபாய்ப் பெட்டியும் நல்ல பெட்டிதான், பத்து வருடமாக என் கண்ணில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில், “ஒரிஜினல், ஆனா பாதி விலை” என்று ஒருவன் நிற்கிறானே, அவனிடம்தான் போகாதீர்கள். டெஸ்டர் பீஸ், எக்ஸ்பைரி நெருங்கியது, ஃபேக்டரி ரிஜெக்ட், பெட்டி அடிபட்டது என்று அவனிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இருக்காது.

இதை இன்றைக்கு எழுத ஒரு காரணம் உண்டு. நேற்று என் கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி போனை நீட்டி, “அக்கா, இது வாங்கலாமா?” என்று கேட்டாள். பக்கத்தின் பெயர் வேறு. படம் அதே படம், இடது மூலையில் அதே நசுங்கல், பின்னால் அதே பூப்போட்ட மேசை விரிப்பு. விலை மட்டும் 2,450 ஆகியிருக்கிறது.