சர்க்கரைப் போர்வையா, பாஸ்பேட் முத்திரையா?

திருப்பூரில் துணியைப் பின்னிய பிறகுதான் பெரும்பாலும் சாயம் ஏற்றுகிறார்கள். கொரோனா வைரஸின் புரதங்களும் இப்படித்தான், உருவான பின் நம் செல்லுக்குள்ளேயே வேதி மாற்றம் பெறுகின்றன. அப்படி ஏறும் சர்க்கரை, பாஸ்பேட் இரண்டில் மருந்துக்கு ஏற்ற இலக்கு எது?

வைரஸின் மேற்பரப்பில் கூர்முனையாக நீட்டி நிற்கும் ஸ்பைக் புரதத்தில் 22 இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறலாம். மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு கூர்முனைக்கு 66. நம் செல்லின் சர்க்கரைகள் என்பதால், எதிர்ப்பொருள்களிடமிருந்து வைரஸை அவை மறைக்கின்றன. தடுப்பூசி செய்வோர் இந்தப் போர்வையின் இடைவெளிகளைத்தான் தேட வேண்டும்.

வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைப் பொதியும் நியூக்ளியோகேப்சிட் புரதத்தில் ஏறுவது பாஸ்பேட். ஏறினால் அந்தப் புரதம் ஆர்என்ஏவைப் படியெடுக்க உதவுகிறது. ஏறாவிட்டால் ஆர்என்ஏவை இறுக்கிப் பொதிகிறது. ஏற்றுபவை நம் கைனேஸ் நொதிகள்.

மருந்துக்கான வாசல் இரண்டாவதான பாஸ்பேட்டில்தான் அகலம் என்பேன்: நம் நொதியை வைரஸால் மாற்ற முடியாது. ஆனால் அதே நொதி நமக்கும் வேண்டுமே என்பதுதான் என் கவலை.