அதிக உதிரப்போக்கு: மாத்திரையா, ஹார்மோனா, கருப்பைக்குள் வைக்கும் சாதனமா?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பெரிய கட்டிகளாகப் போகிறது, மாற்றுவதற்காகவே நடுராத்திரியில் எழ வேண்டியிருக்கிறது, 7 நாள் தாண்டியும் நிற்கவில்லை. இவற்றில் ஒன்று மாதாமாதம் இருந்தாலே அது சிகிச்சை தேவைப்படும் உதிரப்போக்குதான். 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய கணக்கு. அதை வீட்டில் அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். அன்றாட வேலை கெடுகிறதா என்பதே போதுமான அளவுகோல். “எல்லாருக்கும் இப்படித்தான்” என்று பொறுத்துப் போவதால்தான் பலரும் ரத்தசோகையில் போய் விழுகிறார்கள்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கர்ப்பம் இல்லை என்பது உறுதியாக வேண்டும். நார்த்திசுக்கட்டி (கருப்பையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டி) இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். பூப்பெய்திய நாளிலிருந்தே அதிகமாகப் போகிறது, ஈறிலும் ரத்தம் கசிகிறது என்றால் ரத்த உறைவுக் குறைபாட்டுக்கான பரிசோதனையும் தேவை.

முதலில் வருவது டிரானெக்ஸாமிக் அமிலம். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் தடுப்பது இதன் வேலை. ஹார்மோனைத் தொடாது. அதனால் குழந்தைக்கு முயல்பவர்களுக்கும் ஒத்துவரும். போக்கைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைக்கும். வழக்கமான அளவு 500 மி.கி. மாத்திரை வேளைக்கு இரண்டு, நாளைக்கு 3 வேளை, போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும், 4 நாள் வரை. தவறு நேர்வது இங்கேதான். வேளைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு வேளை என்று போட்டுவிட்டு “மாத்திரை கேட்கவில்லை” என்கிறார்கள். அது தேவையில் மூன்றில் ஒரு பங்குதான், எப்படிக் கேட்கும்? காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இது ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

மெஃபனாமிக் அமிலம் போக்கைக் குறைப்பதில் இதைவிடப் பலம் குறைந்தது. ஆனால் வலிக்கு டிரானெக்ஸாமிக் எதுவும் செய்யாது, இது செய்யும். 500 மி.கி., நாளைக்கு 3 வேளை, சாப்பிட்ட பிறகு. வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல், போக்கு தொடங்கியதுமே ஆரம்பித்தால் நன்றாகப் பிடிக்கும். வயிற்றுப்புண் உள்ளவர்களும், வலிமாத்திரையால் ஆஸ்துமா கிளம்புகிறவர்களும் தவிர்க்க வேண்டும். வலியும் போக்கும் சேர்ந்து படுத்தினால் இரண்டு மருந்தையும் சேர்த்தே கொடுப்பார்கள். வேலை செய்யும் வழி வேறு வேறு என்பதால் ஒன்றை ஒன்று கெடுக்காது.

நோரெத்திஸ்டெரோன் ஹார்மோன் மாத்திரை. கொட்டும் போக்கைச் சட்டென நிறுத்த நல்லது. ஆனால் மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் மறுபடி ரத்தம் வரும். அது மருந்தை விட்டதால் வரும் எதிர்பார்த்த உதிரப்போக்கு, நோய் திரும்பியதல்ல. இது தெரியாமல் பயந்து, தாங்களாகவே அடுத்த அட்டையைத் தொடங்கி மாதக்கணக்கில் இழுத்துக்கொள்கிறார்கள். இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரை போக்கையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும், சுழற்சியையும் ஒழுங்காக்கும். கண்ணில் மின்னல் கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் இது கூடாது. இதோடு டிரானெக்ஸாமிக்கைத் தாமாகச் சேர்ப்பதும் ஆபத்து. ரத்தக்கட்டி அபாயம் கூடும்.

பல ஆண்டுகளுக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் உள்ள ஐ.யூ.டி., அதாவது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் விரல் நீளத்துக்குள் அடங்கும் சாதனம். தொடக்கத்தில் நாளுக்கு சுமார் 20 மைக்ரோகிராம் மருந்தைக் கருப்பைக்குள்ளேயே கசியவிட்டு, உட்சுவரை மெலிதாக்கும். போக்கைக் குறைப்பதில் மேலே சொன்ன எதுவும் இதற்கு ஈடாகாது. சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். அழுக்கு ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று அஞ்ச வேண்டாம், உதிர்வதற்குச் சுவர் தடிப்பதே இல்லை. காப்பர் டி இதற்கு நேர்மாறு, போக்கைக் கூட்டக்கூடியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு “அதுவா, வேண்டவே வேண்டாம்” என்று ஒதுக்குவோர் ஏராளம்.

குறையும் உண்டு. முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச்சொட்டாகக் கசியும். இதைச் சொல்லாமல் பொருத்தினால் இரண்டாம் மாதமே எடுத்துவிடச் சொல்வார்கள். நார்த்திசுக்கட்டி கருப்பையின் உள்வெளியை நெளித்திருந்தால் சாதனம் நழுவி வெளியே வரலாம். சாதனத்திலிருந்து கருப்பை வாய் வழியாக நீளும் நூலை மாதம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். நூல் தட்டுப்படாவிட்டால் ஸ்கேன் எடுக்கும்வரை வேறு கருத்தடை அவசியம்.

எதைத் தேர்ந்தாலும் ஏற்கெனவே போன இரும்புச்சத்து தானாகத் திரும்பாது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்பு மாத்திரையும் கூடவே வேண்டும். தேநீர், காபியோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. அளவு 12-ஐத் தொட்டதும் விட்டுவிடாமல், சேமிப்பு நிரம்ப மேலும் 3 மாதம் தொடர வேண்டும்.