போனும் டெர்மினலும்: மினிடெல் 1பி, சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிரான்சில், போன் லைன் வழியாகத் திரையில் தகவல் காட்டிய மினிடெல் சேவையை 2012 ஜூன் 30-இல் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் நான் பாரிஸ் பழைய சாமான் சந்தையில் ஒரு மினிடெல் 1பி (1B) டெர்மினலும், பொத்தான் வைத்த எஸ்63 போனும் வாங்கினேன். இரண்டும் காட்சிக்கு இல்லை, வேலை செய்கின்றன.

1980-களில், அச்சடித்த போன் டைரக்டரிக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த பெட்டி இது. ஒன்பது அங்குலத் திரை, மடித்து மூடும் கீபோர்டு, உள்ளேயே மோடம். 1பி தானாக டயல் செய்யாது. போனில் நாமே எண்ணை அழுத்த வேண்டும்; சேவை இருந்தபோது 3615 என்று அழுத்துவார்கள். ரிசீவரில் கீச்சென்று சத்தம் வந்ததும் பெட்டியின் இணைப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு ரிசீவரை வைத்துவிட வேண்டும். வரும் வேகம் நொடிக்கு 1200 பிட், போகும் வேகம் வெறும் 75. நாற்பது எழுத்து அகலத் திரை முழுதாக நிரம்ப எட்டு நொடி ஆகும். வரி வரியாக வருவதைப் படித்துக்கொண்டே போகலாம், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆர்வலர்கள் நடத்தும் சில சர்வர்களை இன்றும் இப்படி அழைக்கலாம். ஆனால் என் லைன் இணைய மோடம் வழியாகப் போவதால் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால் போன் பக்கம் எப்போதாவதுதான்.

தினமும் உதவுவது பின்பக்கத்து ஐந்து முள் சாக்கெட். அதில் ஒரு சின்ன லினக்ஸ் கணினியை மாட்டியிருக்கிறேன். சிக்னல் 5 வோல்ட் என்பதால் ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) போன்ற சின்னக் கணினியை நேராக இணைக்கக் கூடாது, நடுவில் வோல்டேஜை மாற்றித்தரும் லெவல் கன்வெர்ட்டர் வேண்டும். ஃபங்ஷன் விசையோடு T, அப்புறம் A அழுத்தினால் வரிக்கு 80 எழுத்து. ஃபங்ஷனோடு P, அப்புறம் 4 என்றால் கணினியோடு நொடிக்கு 4800 பிட் வேகம். அணைத்துப் போட்டால் மறுபடி 1200-தான், எரிச்சல்! 80 எழுத்தில் அரை மணி நேரம் படித்தால் கண் வலிக்கும். குறிப்பு எழுத, கணினியின் லாக் பதிவுகளைப் பார்க்கப் போதும்.

தமிழ் வராது. மினிடெல் 2 மாடலில் சொந்த எழுத்துருவம் ஏற்றலாம், ஆனால் 8-க்கு 10 புள்ளிக்குள் ‘ணை’யை எப்படி அடைப்பது?

வாங்குபவர்கள் திரையை எரியவிட்டு, எல்லா விசையையும் அழுத்திப் பாருங்கள். படம் ஆடினால் விட்டுவிடுங்கள். பின்மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூப் ஷாக் அடிக்கும்.